சபைக்குச் சொந்தக்காரர் யார்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2025-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 17-ந் தேதி நிகழ்ந்த ஒரு சம்பவம், பேச்சுச் சுதந்திரத்தில் அக்கறையுள்ள அனைவரும் ஆழ்ந்து யோசிக்கத் தக்கது. இரவு வேளையில் விகடமும் சம்பாஷணையுமாக மிஸ்டர் ஜிம்மி கிம்மல் நடத்திவந்த நிகழ்ச்சியைக் காலவரையறையின்றி நிறுத்தி வைப்பதாக ஏ.பி.ஸி. என்னும் டெலிவிஷன் கம்பெனி அன்று அறிவித்தது. சார்லி கிர்க் என்ற அரசியல் பிரசாரகர் கொலையுண்டதை ஒட்டி எழுந்த கட்சிச் சச்சரவைப் பற்றி மிஸ்டர் கிம்மல் இரண்டு நாள் முன்பு சொன்ன சில வார்த்தைகளே இதற்குக் காரணம். ஸ்டேஷன்களுக்கு லைசென்ஸ் வழங்கும் சர்க்கார் கமிஷனின் தலைவர் மிஸ்டர் பிரெண்டன் கார், அதே தினத்தில் ஒரு பேட்டியில், இவ்விஷயத்தைச் சுலபமான வழியிலும் தீர்க்கலாம், கடினமான வழியிலும் தீர்க்கலாம் என்ற கருத்துப்படப் பேசினார். ஏராளமான ஸ்டேஷன்களைக் கையில் வைத்திருக்கும் நெக்ஸ்டார், சின்க்ளேர் என்ற இரு கம்பெனிகளும், அந்த நிகழ்ச்சிக்குத் தங்கள் ஸ்டேஷன்களில் இடமில்லை என்றன. பொது ஜனங்களின் கண்டனம் வலுத்தபின், 23-ந் தேதி நிகழ்ச்சி மறுபடி தொடங்கியது.

மிஸ்டர் கிம்மல் சொன்னது உசிதமா அநுசிதமா என்பதைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகைகள் வேண்டிய அளவு விவாதித்துவிட்டன. அதில் நாம் புக விரும்பவில்லை. நம் மனத்தை உறுத்துவது வேறொரு கேள்வி. லட்சக்கணக்கான ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே தினந்தோறும் கேட்கும் இந்தப் பேச்சுச் சபைக்குச் சொந்தக்காரர் யார்? அக்கிராசனரா? எதிரே உட்கார்ந்து கைதட்டும் சபையோரா? கொட்டகையின் முதலாளியா? கொட்டகைக்கு லைசென்ஸ் தரும் அதிகாரியா? 'டாக் ஷோ' என்று அமெரிக்கர் வழங்கும் சம்பாஷணை நிகழ்ச்சியின் சரித்திரத்தைப் புரட்டினால், இக்கேள்விக்கு ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு விடை கிடைத்து வந்திருப்பதைக் காணலாம். அந்தச் சரித்திரத்தைச் சற்றே விரிவாக எடுத்துரைப்பது நேயர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

அமெரிக்க டெலிவிஷனின் பால்ய தசையிலேயே இதற்கு இரண்டு கிளைகள் தோன்றின. ஒன்று, ராஜ்யப் பொறுப்பில் இருப்பவரைப் பத்திரிகை நிருபர்கள் நேரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பது. என்.பி.ஸி. கம்பெனியின் 'மீட் தி பிரஸ்' என்ற நிகழ்ச்சி 1947-ம் வருஷம் நவம்பர் 6-ந் தேதி இவ்வகையில் ஆரம்பமாயிற்று. மற்றது, பொழுதுபோக்குக்கான பேச்சு. அதே கம்பெனியில் அதிகாரியாக இருந்த மிஸ்டர் வீவர், விடியற்காலையும் நள்ளிரவும் வீணாகக் கிடப்பதைக் கண்டார். காலை வேளைக்கு 1952-ல் 'டுடே' என்ற நிகழ்ச்சியையும், இரவு வேளைக்கு 1954-ம் வருஷம் செப்டம்பர் 27-ந் தேதி 'டுநைட்' என்ற நிகழ்ச்சியையும் ஏற்படுத்தினார். ஒரு மேஜை, ஒரு சோபா, ஒரு வாத்திய கோஷ்டி, முதலில் கொஞ்சம் விகடம், பின்னர் விருந்தினருடன் அளவளாவுதல் என்று ஸ்டீவ் ஆலன் அதில் வகுத்த முறையை இன்றும் இரவு நிகழ்ச்சிகள் பின்பற்றி வருகின்றன.

இந்த முறை நிலைத்ததற்குக் காரணம் அதன் அழகு மட்டும் என்று எண்ணிவிடலாகாது. நாடகம் போட வேண்டுமானால் கதை வேண்டும், காட்சி ஜோடனை வேண்டும், நடிகர்களுக்குச் சம்பளம் வேண்டும். பேச்சுக்கோ இவற்றில் பெரும்பாலானவை தேவையில்லை. வருகிற விருந்தினர் தம் சினிமாவையோ புஸ்தகத்தையோ விளம்பரப்படுத்தவே வருகிறார். சொற்பத் தொகையே அவருக்குப் போதும். சரக்கு மலிவு, விளம்பர வருமானமோ ஏராளம். இந்தக் கணக்கை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இந்த நிகழ்ச்சிகள் பிற்காலத்தில் அடைந்த உயர்வுக்கும் தாழ்வுக்கும் இதுவே பெருங் காரணம்.

சபை யாருடையது என்ற கேள்வியும் அப்போதே எழுந்துவிட்டது. 1957-ல் 'டுநைட்' நிகழ்ச்சியை ஏற்ற மிஸ்டர் ஜாக் பார், 1960 பிப்ரவரியில் கக்கூஸைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை சொன்னார். ஆபாசமென்று கருதிய கம்பெனி, அவரைக் கேளாமலே அதை வெட்டிவிட்டது. மறுநாள் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே அவர் விடைபெற்று வெளியேறினார். சுமார் ஒரு மாதம் கழித்தே திரும்பினார். சங்கதி அற்பமானதுதான். ஆனால் ஜனங்கள் எவருடைய பெயரைச் சொல்லி நிகழ்ச்சியைப் பார்க்கிறார்களோ அவர் கையில் கத்தரிக்கோல் இல்லை என்பது அன்று வெளியாயிற்று. அவருக்குப் பின் 1962 அக்டோபர் 1-ந் தேதி முதல் 1992 மே 22-ந் தேதி வரை அந்த ஆசனத்தில் அமர்ந்த மிஸ்டர் ஜானி கார்ஸன், எல்லாக் கட்சியாரையும் பரிகசித்தாரே யொழிய, தாம் எந்தக் கட்சி என்று காட்டிக்கொள்ளாமல் 30 வருஷம் காலம் தள்ளினார்.

கனமான விவாதத்துக்கும் அந்நாளில் இடமிருந்தது. மிஸ்டர் வில்லியம் பக்லி 1966 முதல் 1999 வரை நடத்திய 'ஃபயரிங் லைன்' நிகழ்ச்சியில், பழமைக் கட்சிக்காரரான அவர், தமக்கு எதிரிகளான அறிஞர்களை வரவழைத்து நிதானமாக வாதாடினார். மிஸ்டர் டிக் கேவெட்டின் நிகழ்ச்சியில், 1971 ஜூன் 30-ந் தேதி, வியத்நாம் யுத்தத்தில் பணியாற்றித் திரும்பிய ஜான் கெர்ரி, ஜான் ஓநீல் என்ற இரு இளைஞர்கள் அந்த யுத்தத்தின் நியாய அநியாயத்தைப் பற்றி எதிரெதிராக வாதம் செய்தார்கள். யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே இத்தகைய விவாதம் நடந்தது கவனிக்கத் தக்கது. ஆட்சியாளருக்கு இது பிடித்ததா என்றால் இல்லை. பிரஸிடெண்டு நிக்ஸன் மிஸ்டர் கேவெட்டைப் பழிவாங்க வழி உண்டா என்று தம் உதவியாளரிடம் விசாரித்தது, வெள்ளை மாளிகையில் அவரே பதிவு செய்து வைத்த ஒலிநாடாக்களால் பின்னர் வெளியாயிற்று.

அக்காலத்துச் சட்டநிலையை இங்கே சொல்லியாக வேண்டும். ஆகாய அலைகள் அளவுபட்டவை. எல்லோரும் ஸ்டேஷன் வைக்க முடியாது. ஆகவே லைசென்ஸ் பெற்றவர் பொது ஜனங்களின் தர்மகர்த்தர் போன்றவர் என்பது அமெரிக்கச் சட்டத்தின் அடிப்படை. இதையொட்டி 1949-ல் சர்க்கார் கமிஷன் ஒரு விதியை வகுத்தது. பொது ஜனங்களைப் பாதிக்கும் சர்ச்சைக்குரிய விஷயங்களுக்கு ஸ்டேஷன்கள் நேரம் ஒதுக்க வேண்டும். அவற்றில் மாறுபட்ட அபிப்பிராயங்களுக்கும் நியாயமான சந்தர்ப்பம் தர வேண்டும் என்பதே அது. 'நியாய விதி' என்று இதைக் குறிப்பிடலாம். ரெட் லயன் என்ற வழக்கில் 1969-ல் சுப்ரீம் கோர்ட்டு இதை ஏகமனதாக ஆதரித்தது. ஸ்டேஷன் நடத்துவோரின் உரிமையைக் காட்டிலும், கேட்போர், பார்ப்போருடைய உரிமையே மேலானது என்பது அத்தீர்ப்பின் சாரம். சபைக்குச் சொந்தக்காரர் சபையோரே என்று ஒரு வல்லரசின் உயர்நீதி பீடம் கூறியது சாமானியமான காரியமல்ல.

சபையோருக்கு உண்மையாகவே வாய் கிடைத்தது, ஒஹையோ மாகாணத்தில் டேட்டன் என்ற நடுத்தரமான ஊரில். 1967 நவம்பர் 6-ந் தேதி மிஸ்டர் பில் டொனஹ்யூ அங்கே ஒரு காலை நிகழ்ச்சியைத் தொடங்கினார். முதல் விருந்தினராக, தெய்வமில்லையென்று பிரசாரம் செய்துவந்த மாடலின் மர்ரி ஓஹேர் அம்மையாரை அழைத்தார். அந்த நேரத்தில் அதற்கு முன் நடந்துவந்த வேறொரு நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கியிருந்த பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். விளம்பர இடைவேளையில் அவர்கள் கேட்ட கேள்விகள், தாம் யோசித்து வைத்திருந்த கேள்விகளைவிட மேலானவை என்று டொனஹ்யூ கண்டார். மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு சபைக்குள் இறங்கிவிட்டார். அடுப்பங்கரைக்கும் குழந்தை வளர்ப்புக்கும் அப்பால் பெண்களுக்கு அபிப்பிராயமே இராது என்று கம்பெனிகள் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. யுத்தம், மதம், கருத்தடை, நிறவேற்றுமை முதலிய விஷயங்களைப் பற்றிக் குடும்பப் பெண்கள் எழுந்து நின்று கேள்வி கேட்டதை அமெரிக்கா கண்டது. 1996 வரை 6,000-க்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளை அவர் நடத்தினார். இந்த வகையில் உச்சநிலை அதுவே என்பது நம் அபிப்பிராயம்.

டொனஹ்யூ திறந்த வழியில் வந்து, அவரையும் மிஞ்சியவர் ஓப்ரா வின்ஃப்ரே அம்மையார். மிஸிஸிப்பியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த இந்த நீக்ரோ வகுப்புப் பெண்மணியின் நிகழ்ச்சி, 1986 செப்டம்பர் 8-ந் தேதி தேசமெங்கும் பரவி, 2011 மே 25-ந் தேதி வரை நடைபெற்றது. சிறு வயதில் தாம் அனுபவித்த கொடுமைகளைக் கூடச் சொல்லத் தயங்காத அவருடைய நேர்மை, சொல்லக் கூசி மறைத்து வாழ்ந்த பலருக்குத் தைரியமளித்தது. அதைவிட முக்கியமானது மற்றொன்று. 1988-ல் அவர் தம் நிகழ்ச்சியின் உடைமையையே தம் சொந்தக் கம்பெனிக்கு வாங்கிக்கொண்டார். அக்கிராசனரே கொட்டகை முதலாளியும் ஆனார். மாட்டிறைச்சியைப் பற்றி 1996-ல் அவர் நிகழ்ச்சியில் நடந்த பேச்சுக்காக டெக்ஸாஸ் மாட்டுப் பண்ணைக்காரர்கள் பெருந்தொகை கோரி வழக்குத் தொடுத்தபோது, அந்த ஊருக்கே போய்க் கோர்ட்டில் நின்று, 1998 பிப்ரவரியில் ஜூரிகளின் தீர்ப்பைத் தமக்குச் சாதகமாகப் பெற்றார். பிறர் கையில் இருக்கும் நிகழ்ச்சியாயின், முதலாளி சமாதானம் பேசி விவகாரத்தை முடித்திருக்கக் கூடும்.

ஆனால் மலிவான சரக்குக்குச் சந்தையில் போட்டி அதிகரித்தால் என்ன ஆகும்? கண்ணீர் விலைபோயிற்று, அடுத்தபடியாக அடிதடி விலைபோயிற்று. 1988-ல் மிஸ்டர் ஹெரால்டோ ரிவேராவின் நிகழ்ச்சியில் நிறவெறிக் கூட்டத்தாருக்கும் எதிர்த்தரப்பாருக்கும் கைகலப்பு மூண்டு, அக்கிராசனரின் மூக்கே உடைந்தது. ஸின்ஸினாட்டி நகரத்தின் மேயராக இருந்த மிஸ்டர் ஜெர்ரி ஸ்பிரிங்கர் 1991-ல் நிகழ்ச்சி தொடங்கியபோது அரசியலையே பேசினார். பார்ப்பவர் குறைவு என்று கண்டதும், குடும்பச் சண்டைகளை மேடையேற்றி, நாற்காலி வீச்சில் கொண்டுபோய் விட்டார். 1998-ல் சில வாரங்கள் ஓப்ராவின் நிகழ்ச்சியையும் அவர் மிஞ்சினார்.

இந்தப் போக்கு ஓர் உயிரையும் வாங்கியது. 'ஜென்னி ஜோன்ஸ்' நிகழ்ச்சிக்கு 1995 மார்ச் மாதம் ஓர் இளைஞரை அழைத்து, அவர்மேல் ரகசியமாக ஆசை வைத்திருப்பவர் யார் என்பதைச் சபை நடுவில் வெளியிட்டார்கள். அது மற்றோர் ஆண்மகன் என்று தெரிந்து அவமானத்தால் குமுறிய அந்த இளைஞர், மூன்றாம் நாள் அவரைச் சுட்டுக் கொன்றார். கொலையுண்டவரின் குடும்பத்தாருக்கு 2.5 கோடி டாலர் நஷ்டஈடு தர வேண்டுமென்று 1999-ல் ஜூரிகள் கூறினர். பிறர் செய்யும் குற்றத்தினின்று விருந்தினரைக் காக்கும் கடமை நிகழ்ச்சிக்காரருக்கு இல்லையென்று 2002-ல் அப்பீல் கோர்ட்டு அதை ரத்து செய்தது. தீர்ப்பு சட்டப்படி சரியாக இருக்கலாம். வீட்டுக்கு அழைத்த விருந்தினர் விஷயத்தில் இப்படி ஒரு நியாயம் பேசும் மனிதரை நாம் மதிப்போமா என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கிடையில் 'நியாய விதி'யும் போய்விட்டது. அதைச் சட்டமாகவே ஆக்கி காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவைப் பிரஸிடெண்டு ரீகன் 1987 ஜூனில் நிராகரித்தார். ஆகஸ்டு 4-ந் தேதி கமிஷனே விதியைக் கைவிட்டது. நாற்காலி வீச்சுக்கெல்லாம் இதுதான் காரணம் என்று நாம் சொல்லமாட்டோம். ரேடியோவிலேதான் அதன் விளைவு உடனே தெரிந்தது. ஆயினும், மாறுபட்ட அபிப்பிராயத்துக்கு இடந்தருவது முதலாளியின் தயவு, கேட்போரின் உரிமையல்ல என்ற எண்ணம் அன்றுமுதல் வேரூன்றிவிட்டது.

அரசியல்வாதிகள் இதைக் கவனியாமல் இருப்பார்களா? 1992 பிப்ரவரியில் தொழிலதிபர் ராஸ் பெரோ, தம்மை எல்லா மாகாணங்களிலும் ஜனங்கள் அபேட்சகராக்கினால் பிரஸிடெண்டு தேர்தலில் நிற்பதாக, லாரி கிங் என்பவரின் நிகழ்ச்சியில் அறிவித்தார். தேர்தலில் நூற்றுக்குச் சுமார் 19 வோட்டுகளும் பெற்றார். அந்த ஜூனில் மிஸ்டர் கிளிண்டன், ஆர்ஸீனியோ ஹாலின் இரவு நிகழ்ச்சியில் கறுப்புக் கண்ணாடி அணிந்து ஸாக்ஸபோன் வாசித்தார். துருவித் துருவிக் கேட்கும் நிருபரைத் தவிர்த்து, சிரித்துப் பேசும் அக்கிராசனரை நாடும் வழக்கம் ஏற்பட்டது. 2009 மார்ச்சில், பதவியிலிருக்கும்போதே இரவு நிகழ்ச்சிக்கு வந்த முதல் பிரஸிடெண்டு ஆனார் மிஸ்டர் ஒபாமா. விவாத நிகழ்ச்சிகளோ வேறு விதத்தில் கெட்டன. சி.என்.என். கம்பெனியின் 'கிராஸ்ஃபயர்' நிகழ்ச்சிக்கு 2004 அக்டோபரில் விருந்தினராக வந்த ஹாஸ்ய நிகழ்ச்சிக்காரர் ஜான் ஸ்டூவர்ட், நீங்கள் நடத்துவது விவாதமல்ல, நாடகம், இது தேசத்துக்குக் கெடுதி என்று நேருக்கு நேர் இடித்துரைத்தார். சில மாதங்களில் அந்த நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. அதன் பாணி நிற்கவில்லை.

நம் கேள்விக்கு மிகத் தெளிவான விடை 2003-ல் கிடைத்தது. ஓய்விலிருந்து திரும்பிய டொனஹ்யூ, எம்.எஸ்.என்.பி.ஸி. என்ற கேபிள் ஸ்தாபனத்தில் 2002-ல் மறுபடி நிகழ்ச்சி தொடங்கினார். இராக் யுத்தம் கூடாதென்று வாதாடியவர்களுக்கு இடமளித்தார். அந்த ஸ்தாபனத்தின் நிகழ்ச்சிகளுள் அதிகம் பேர் பார்த்தது அவருடையதே. ஆயினும் 2003 பிப்ரவரியில் அது நிறுத்தப்பட்டது. யுத்த காலத்தில் அவரைத் தங்கள் முகமாக வைத்துக்கொள்வது கம்பெனிக்குச் சங்கடம் என்று கூறிய உட்குறிப்பு ஒன்று பத்திரிகைகளில் வெளியாயிற்று. யுத்தத்தை எதிர்ப்பவர் ஒருவருக்கு ஆதரிப்பவர் இருவர் என்ற கணக்கில் விருந்தினரை அழைக்கும்படி தமக்கு உத்தரவிருந்தது என்று டொனஹ்யூ பின்னர் சொன்னார். மார்ச்சில் யுத்தம் தொடங்கியது. யுத்தத்துக்குக் காரணமாகக் கூறப்பட்ட பயங்கர ஆயுதங்கள் இராக்கில் கிடைக்கவில்லை. எந்தக் கேள்வி மிகவும் தேவையோ, அந்தக் கேள்வி தேவைப்பட்ட மாதத்தில் மைக் பிடுங்கப்பட்டது. இதற்கு எந்தச் சட்டமும், எந்தத் தணிக்கை அதிகாரியும் வேண்டியிருக்கவில்லை.

2025-ல் முதலாளியும் அதிகாரியும் ஒரே காட்சியில் தோன்றினர். சி.பி.எஸ். கம்பெனியின் தாய்க் கம்பெனியான பாரமவுண்ட், ஸ்கைடான்ஸ் என்ற கம்பெனியுடன் இணைவதற்குக் கமிஷனின் அநுமதியை எதிர்பார்த்திருந்தது. பிரஸிடெண்டு டிரம்ப் தொடுத்த வழக்கொன்றை ஜூலைத் தொடக்கத்தில் 1.6 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. இதை லஞ்சமென்று தம் நிகழ்ச்சியிலேயே கண்டித்தார் மிஸ்டர் ஸ்டீபன் கோல்பேர். மூன்று நாள் கழித்து, ஜூலை 17-ந் தேதி, அவருடைய நிகழ்ச்சியை 2026 மே மாதத்துடன் முடிக்கப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. ஜூலை 24-ந் தேதி கமிஷன் அநுமதி வழங்கியது. நஷ்டத்தைத் தவிர வேறு காரணமில்லை என்றது கம்பெனி. இரவு நிகழ்ச்சிகளின் வருமானம் வருஷா வருஷம் சுருங்கி வருவது உண்மையே. ஆனால் அநுமதிக்காகக் கைகட்டி நிற்கும் முதலாளி சொல்லும் காரணத்தை ஜனங்கள் எப்படி நம்புவார்கள்? செப்டம்பர் சம்பவத்திலும் இதே நிலைமைதான். நெக்ஸ்டார் கம்பெனி டெக்னா என்ற வேறொரு கம்பெனியை வாங்க அதே கமிஷனின் அநுமதியை நாடியிருந்தது.

கொட்டகை என்னுடையது, வேண்டாதவரை இறக்க எனக்கு உரிமை உண்டு என்று முதலாளி சொல்லலாம். அச்சிடும் பத்திரிகைக்கு இந்த வாதம் பொருந்தும். ஆகாய அலையை லைசென்ஸில் பெற்றவருக்கு முழுதும் பொருந்தாது. அப்படியானால் நியாயத்தைச் சர்க்காரே வழங்கட்டும் என்று சிலர் சொல்லலாம். அதிலும் அபாயம் உண்டு. ரெட் லயன் வழக்குக்கு முந்திய வருஷங்களில், எதிர்க்கட்சிச் சார்பான ஸ்டேஷன்களைத் தொல்லைப்படுத்த, பதவியிலிருந்த ஜனநாயகக் கட்சியின் ஆட்களே 'நியாய விதி'யை உபயோகித்தது பிற்காலத்தில் வெளியாயிற்று. அமெரிக்காவின் 1934-ம் வருஷத்துச் செய்திப் போக்குவரத்துச் சட்டத்தின் 326-வது பிரிவு, கமிஷனுக்குத் தணிக்கை அதிகாரமில்லை என்று தெளிவாகக் கூறுகிறது. ஆனால் எழுத்தில் உத்தரவிடாமல், பேட்டியில் ஒரு வார்த்தை சொல்லியே காரியத்தை முடித்துக்கொள்ளலாம் என்றால் அந்தப் பிரிவு என்ன செய்யும்?

ஆகவே, முதலாளி, அதிகாரி இருவரில் ஒருவரை நம்பி மற்றவரைக் கட்டுவது வழியாகாது. கம்பெனிகளின் சேர்க்கைக்கு அநுமதி தரும் அதிகாரம் உள்ளவர், நிகழ்ச்சிகளின் சாரத்தைப் பற்றி வாய் திறக்கலாகாது. நூற்றுக்கணக்கான ஸ்டேஷன்கள் ஒரே கையில் குவிவதைச் சட்டம் தடுக்க வேண்டும். பல கைகளில் இருந்தால் ஒரு வார்த்தையால் எல்லாவற்றையும் அடக்க முடியாது. ஒரு நிகழ்ச்சியை நிறுத்தினால், முதலாளிக்குச் சர்க்காரிடம் அப்போது என்னென்ன விண்ணப்பங்கள் நிலுவையில் உள்ளன என்பதையும் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். இவை அமெரிக்கருக்கு மட்டும் உரிய யோசனைகள் அல்ல. ஆகாய அலைகள் பொதுச் சொத்து என்று நம் நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டும் 1995 பிப்ரவரி 9-ந் தேதி தீர்ப்பளித்திருக்கிறது. அத்தீர்ப்பைப் படித்தவர்கள், இரவுதோறும் நம் வீடுகளில் நடக்கும் விவாதங்களைப் பார்க்கும்போது அதை ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும்.

செப்டம்பரில் மிஸ்டர் கிம்மலின் நிகழ்ச்சியைத் திரும்பக் கொண்டுவந்தது கோர்ட்டு அல்ல, காங்கிரஸும் அல்ல. சந்தாவை ரத்து செய்தவர்களும், வீதியில் நின்று ஆக்ஷேபித்தவர்களும், கட்சி வித்தியாசமின்றிக் கண்டித்த சில பிரமுகர்களுமே அதைச் செய்தார்கள். டேட்டன் நகரத்துப் பெண்கள் இடைவேளையில் எழுப்பிய கேள்விகள் ஒரு காலத்தில் நிகழ்ச்சியின் போக்கையே மாற்றின. சபையோர் வாய் மூடியிருக்கும்வரை, கொட்டகைக்காரருக்கும் அதிகாரிக்குமே சபை சொந்தம். அவர்கள் எழுந்து நின்று கேட்கத் துணிந்தால், அது அவர்களுடையதாகிவிடும்.